ராகுகாலம் முடிந்த நிமிடம்

ஆவணி முதல் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணிக்கு, மண்டபம் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருக்கும்போது என் டேட்டாபேஸ் படுத்துவிட்டது.

அவ்வளவுதான் விஷயம். கேட்டீர்கள், சொன்னேன். ஊரில் வேறு மாதிரி சொல்லியிருப்பார்கள். ஆவுடையப்பன் கடையை மூடப் போகிறான், கம்ப்யூட்டருக்குச் சனி பிடித்துவிட்டது, இப்படி. யார் சொன்னது? உச்சிமாகாளியா? அவன் சொல்லுவான். எதிர்த்த தெருவில் அவனும் ஒரு திருமணத் தகவல் நிலையம் வைத்திருக்கிறான் அல்லவா? அவன் வேறு என்ன சொல்லுவான்?

உட்காருங்கள் அண்ணாச்சி. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில்.

இன்றைக்குப் புதன்கிழமை. பன்னிரண்டு அடிக்கச் சரியாக வாசலில் வந்து நிற்கிறீர்கள். உங்கள் வீட்டில் காலண்டர் கிடையாதா? ஒன்றரை வரை ராகுகாலம். நான் பதிவு போட மாட்டேன். வடிவு, ஒரு ஆள் வந்திருக்காரு, மோர் கொண்டா.

யாருக்கு வரன்? மகளுக்கா. நல்லது. நட்சத்திரம்?

சரி, சரி. விழிக்க வேண்டாம். பிறகு சொல்லுங்கள். இப்போது நான் கேட்டதும் தப்பு.

இந்த நிலையத்தில் ராகுகாலத்தில் ஒரு ஜாதகம் கை மாறியது கிடையாது. ஆரம்பித்த நாளிலிருந்து. கோவில்பட்டியில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கலெக்டர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார், லீவு போட்டு வந்திருக்கிறேன் என்றார், வாசலிலேயே நிற்கச் சொன்னேன். நின்றார். பிறகு அவர் மகளுக்கு நல்ல இடம் அமைந்தது. நின்றதற்குப் பலன்.

முன்பெல்லாம் கம்ப்யூட்டர் இதோ இந்த மூலையில்தான் இருந்தது, பீரோவுக்குப் பக்கத்தில். கரண்ட் போனால் நிற்கும், வந்தால் ஓடும். யோக்கியமான மெஷின். ஒரு தடவை உள்ளே பல்லி விழுந்து செத்துக் கிடந்தது. அதோடு அதுவும் செத்தது. அப்போதுதான் தெய்வசிகாமணி வந்து சொன்னான். தெய்வசிகாமணி என்பது எனக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்த பையன். பையன் என்ன பையன், முன்மண்டையில் முடி இல்லை. கோயம்புத்தூரில் படித்தவன். அவன் பேச்சைக் கேட்டால் பல்லி விழுந்ததே என் அதிர்ஷ்டம் என்று தோன்றும்.

கிளவுடுக்குப் போயிரலாம் அண்ணாச்சி என்றான். அங்கே பல்லி கிடையாது, கரண்ட் கட் கிடையாது, மெஷின் ஒன்று போனால் அடுத்தது தானே எழுந்து நிற்கும், விழவே விழாது என்றான். எங்கே இருக்கிறது அந்த மெஷின் என்றேன். மும்பையில் என்றான். மும்பையில் எங்கே என்றேன். அது தெரியாது அண்ணாச்சி, தெரியவும் கூடாது என்றான். நம் ஜில்லா முழுக்கக் கல்யாணத்துக்குக் காத்திருக்கிற பிள்ளைகளின் ஜாதகம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியக் கூடாதாம். மேகத்தில் இருக்கிறதாம். மேகத்தை நம்பி வடகம் காயப் போட்டவன் எவன் பிழைத்தான்? இருந்தாலும் சரி என்றேன். ஆடி மாதம். ஆடியில் நமக்கு வேலை கிடையாது, எவனும் பெண் கேட்க மாட்டான். ஆடிக்குள் மாற்றிவிடு, ஆவணி பிறந்ததும் ஓட வேண்டும் என்றேன். மாற்றினான்.

மாற்றும்போது இரண்டு விஷயம் நான் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். இரண்டும் என் சொந்த யோசனை.

முதலாவது, ராகுகாலத்தில் வெப்சைட் மூடிக் கிடக்க வேண்டும். கடை மூடியிருந்தால் அதுவும் மூடியிருக்க வேண்டும், அதுதானே மரியாதை? உள்ளே வருகிறவனுக்கு ‘ராகுகாலம், பொறுத்து வருக’ என்று மட்டும் தெரிய வேண்டும். முடிந்த அந்த நிமிடமே, பதிந்திருக்கிற அத்தனை பேர் போனுக்கும் ஒரு செய்தி போக வேண்டும்: ‘ராகுகாலம் முடிந்தது. சுபமாகத் தேடுங்கள்.’ எப்படி? உச்சிமாகாளிக்கு ஏழு ஜென்மம் எடுத்தாலும் இது தோன்றுமா? ஜனங்களுக்கு அவ்வளவு பிடித்துப்போயிற்று. செய்தி வந்தால்தான் எங்கள் வீட்டில் காபியே குடிப்போம் என்று எட்டயபுரத்திலிருந்து ஒரு அம்மா போன் போட்டுச் சொன்னாள்.

இரண்டாவது, பொருத்தம். ஒருவர் தேடும்போது, அவர் பெண்ணின் பிறந்த நேரத்தை எடுத்து, கிரகம் கணித்து, நட்சத்திரம் பார்த்து, பத்துப் பொருத்தமும் புதிதாகப் போட வேண்டும். ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் அப்படியே. தெய்வசிகாமணி முணுமுணுத்தான். ஒரு தடவை போட்டதைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே அண்ணாச்சி, ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து போட்டால் மெஷின் திணறும் என்றான். “நேத்து வச்ச சாம்பாரை இன்னைக்கு வாற விருந்தாளிக்கு ஊத்துவியாடே?” என்றேன். அப்படியே எழுதிக் கொடுத்தான்.

மோர் உப்பாக இருக்கிறதா? அப்படித்தான் இருக்கும். குடியுங்கள்.

ஆவணி பிறந்தது. முதல் ஞாயிறு, வரன் அறிமுக விழா. நான் வருஷா வருஷம் நடத்துகிறேன். பெண் வீட்டார் ஒரு பக்கம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம். முன்பு ஜாதகத்தை எடுத்து மைக்கில் வாசிப்போம். இந்த வருஷம் எல்லாரும் அவரவர் போனிலேயே தேடிக்கொள்ளலாம், கண்முன்னாலேயே பொருத்தம் வரும், பிடித்தால் எழுந்துபோய் எதிர்ப் பக்கம் பேசலாம் என்று நோட்டீஸ் அடித்திருந்தேன். நாலரைக்கு ராகுகாலம் வந்துவிட்டது. கேசரி கொடுத்தோம், காபி கொடுத்தோம், நான் கொஞ்சம் பேசினேன். ஆறு மணிக்கு மேடையில் நின்று மணி அடித்தேன். பூஜை மணி. அதே நொடியில் எல்லார் போனிலும் என் செய்தி டிங் என்று விழுந்தது. பார்க்க எப்படி இருந்தது தெரியுமா? மண்டபம் முழுக்க ஒரே சமயத்தில் தலை குனிந்தது.

குனிந்த தலை நிமிரவில்லை.

வட்டம் சுற்றுகிறது. எல்லார் போனிலும் அந்த வட்டம். மறுபடி அழுத்துகிறார்கள், மறுபடி சுற்றுகிறது. சின்னப் பிள்ளைகள் அழ ஆரம்பித்தன. தெய்வசிகாமணி மேடைக்குப் பின்னால் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ஓடிப்போன வீட்டுத் தகப்பன் மாதிரி நிற்கிறான். என்னடே என்றேன். லோடு அண்ணாச்சி, மெஷின் தாங்கவில்லை என்றான். அடுத்த மெஷின் தானே எழுந்து நிற்கும் என்றாயே என்றேன். நின்றது அண்ணாச்சி, அதையும் சேர்த்துச் சாய்த்துவிட்டார்கள் என்றான்.

நடுவில் ஒரு நிமிடம் உயிர் வந்தது. வராமலே இருந்திருக்கலாம். சாத்தூர்க்காரர் ஒருவர் பெண்ணுக்குத் தேடியிருந்தார். ஐந்து மாப்பிள்ளை வந்தது. ஐந்தும் ஒரே பையன். அவன் வீட்டில் பதிவு விழவில்லை, விழவில்லை என்று விடாமல் அழுத்தியிருக்கிறார்கள், அத்தனை தடவையும் விழுந்திருக்கிறது. சாத்தூர்க்காரர் எழுந்து, மைக் தேவைப்படாத குரலில் கேட்டார்.

“அண்ணாச்சி, எம்மவளுக்குப் பேரு திரௌபதி இல்லியே. அஞ்சு பேரைக் காட்டுதீங்க?”

மண்டபம் சிரித்தது. கடைசி வரிசையில் உச்சிமாகாளி. அவனை யார் கூப்பிட்டது? என் காசில் போட்ட மிக்சரைத் தின்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவன் சிரிக்கவில்லை. சிரித்தால் பரவாயில்லையே. மெதுவாக, பக்கத்தில் இருப்பவனுக்குச் சொல்வது போல, எல்லாருக்கும் கேட்கச் சொன்னான்.

“ஆறு மணி ஆயிட்டு. ராகு இன்னும் எந்திரிக்கல போலுக்கே.”

ஏழு மணிக்கு மண்டபத்தில் நாற்காலிகள்தான் இருந்தன.

அன்று ராத்திரியே அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டோம். மேகக் கம்பெனிக்கு. பேர் எதற்கு? எல்லாம் ஒன்றுதான். புனேயிலிருந்து குல்கர்னி என்று ஒருவன் பேசினான். அவன் இங்கிலீஷில் சொல்ல, தெய்வசிகாமணி தமிழில் சொல்ல, பாதி வழியில் பாதி செத்துவிடும். மெஷின் சின்னது, பெரியது எடுங்கள் என்றான். எடுத்தோம். திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அழைத்து, இப்போது பாருங்கள் சார், பறக்கிறது என்றான். பறந்தது. வெப்சைட் மூடிக் கிடக்கும்போது பறக்காமல் என்ன செய்யும்? ஒன்பது மணிக்கு விழுந்தது. செவ்வாய் பகலெல்லாம் நன்றாக இருந்தது. நாலரைக்கு விழுந்தது. புதன் ஒன்றரைக்கு. வியாழன் மூன்றுக்கு. இன்னும் பெரியது எடுங்கள் என்றான். மெஷின் பெரிதாகப் பெரிதாக விழுகிற சத்தமும் பெரிதாயிற்று, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை குல்கர்னி ஒன்று கண்டுபிடித்தான். இது அட்டாக்காம். யாரோ விரோதி, நாளுக்கு ஒரு நேரமாக மாற்றி மாற்றித் தாக்குகிறானாம். மிகவும் புத்திசாலியான விரோதியாம், நேரத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் பிடிக்க முடியவில்லையாம். எனக்கு உச்சிமாகாளி மேல்தான் சந்தேகம். ஆனால் அவனுக்கு அவ்வளவு மூளை கிடையாது. கவலைப்படாதீர்கள், அந்தத் திருடர்களை மொத்தமாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டோம் என்றான் குல்கர்னி. சாத்தினான். யாரைத் தள்ளிச் சாத்தினான் தெரியுமா? கோவில்பட்டி, சாத்தூர், சங்கரன்கோவில், எட்டயபுரம். மொத்த மாப்பிள்ளை வீட்டாரையும் பெண் வீட்டாரையும். சனிக்கிழமை என் வெப்சைட் அருமையாக ஓடியது. உள்ளே துபாயிலிருந்து ஒரே ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான்.

இதுதான் மேகம். இதற்குத்தான் படிப்பு, கோட்டு, இங்கிலீஷ்.

கதவைத் திறக்க வைத்தோம், மறுபடி தினமும் விழுந்தது, ஜனங்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். சொல்லிக்கொண்டு போனால் பரவாயில்லை. சொல்லாமல் போனார்கள். தெருவில் பார்த்தால் குனிந்து செருப்பைச் சரி செய்வார்கள். உச்சிமாகாளி வாசலில் பந்தல் போட்டு பெஞ்சு போட்டுவிட்டான். புரட்டாசி பிறந்தால் மறுபடி ஒரு மாதம் எவனும் வரன் பேச மாட்டான். ஐப்பசியில் யார் யார் என்னிடம் திரும்புவார்கள்? ஒருவன் திரும்ப மாட்டான். ஆகவே ஆவணி கடைசி ஞாயிறு மறுபடி விழா என்று நோட்டீஸ் அடித்தேன். அதே மண்டபம், அதே ஆறு மணி. இதிலும் விழுந்தால் போர்டைக் கழற்றிவிடுவது என்று முடிவு. என் வீட்டுக்காரி வடிவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாவிட்டால் ஏதோ செய்யப் போகிறாள் என்று அர்த்தம். எனக்கு அன்று தோன்றவில்லை.

எனக்கு ஒரு மகன் இருக்கிறான். சிதம்பரநாதன். பெங்களூரில் வேலை. உங்களுக்குத் தெரிந்திருக்குமே, ஊருக்கே தெரியும். ஜில்லாவுக்கே பொருத்தம் பார்க்கிற ஆவுடையப்பன் மகன், பொருத்தம் பார்க்காமல் கட்டிக்கொண்டான். பார்க்கவும் முடியாது. அந்தப் பெண்ணுக்கு நட்சத்திரமே கிடையாது. நாசரேத் பக்கம், வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். பிறந்த நேரத்தை எழுதி வைக்கிற வழக்கம் இல்லையாம். என்ன நட்சத்திரம் என்று முதல் தடவை கேட்டேன். அம்மாவிடம் கேட்டேன் மாமா, மழை பெய்துகொண்டிருந்தது என்று மட்டும்தான் நினைவிருக்காம் என்றாள். மழை. மழைக்கு நான் எந்த ராசியில் பொருத்தம் பார்ப்பது?

அன்றோடு பேச்சு நின்றது. மூன்றாவது வருஷம் ஓடுகிறது. உச்சிமாகாளி அவன் கடைக்கு வருகிறவர்களிடம் ஜாதகத்தை வாங்கும்போது, மகன் சம்மதம் கேட்டுக்கிட்டீங்களா, ஆவுடையப்பன் அண்ணாச்சி மாதிரி ஆயிரக் கூடாது பாருங்க என்பானாம். சரி, அது கிடக்கட்டும்.

மகன் பேசுவான். வடிவோடு. எனக்குத் தெரியாதென்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். அவன் மட்டும் பேசுகிறான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வருகிறேன். அடுக்களையில் வடிவு தேங்காய் துருவுகிறாள். போன் உப்பு ஜாடியில் சாய்ந்து நிற்கிறது, ஸ்பீக்கரில். ஒரு பெண் குரல். அத்தை, அந்தப் படம் தெளிவா இருக்கு என்கிறது. என்ன படம்? தெய்வசிகாமணி இங்கே திறந்து போட்டுவிட்டுப் போன லோடு படத்தை, மெஷின்மேல் எந்த நேரத்தில் எவ்வளவு பளு என்று மேடும் பள்ளமுமாக வருமே, அதைப் போனில் பிடித்து இவள் பெங்களூருக்கு அனுப்பியிருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு அங்கே இதுதான் வேலையாம். பெரிய பாங்க் ஒன்றின் டேட்டாபேஸை மேய்க்கிறாளாம். எனக்கு யார் சொன்னார்கள்?

நான் நிலைப்படியில் நின்றுவிட்டேன். குரல் சொல்கிறது: திங்கள்னா ஒன்பது மணிக்கு மலை மாதிரி எழும்புது அத்தை. செவ்வாய் நாலரை. புதன் ஒன்றரை. வெள்ளி பன்னிரண்டு. ஒவ்வொரு வாரமும் இதே நேரம், மாறவே இல்லை. அட்டாக்னா இப்படி ஒழுங்கா வராது. இந்த நேரத்துக்கு உங்க ஊர்ல என்ன அத்தை நடக்கு?

வடிவு துருவுகிற கையை நிறுத்தவில்லை.

“அது ராகுகாலம் முடியுத நேரம்லா” என்றாள்.

போனில் சிரிப்பு வந்தது. என்னை நினைத்துச் சிரிக்கவில்லை என்று வடிவு பிறகு சொன்னாள். குல்கர்னியை நினைத்துத்தான் சிரித்தாளாம்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளையா வேண்டும் என்கிறேன். அதோ சுவரில் தொங்குகிறது காலண்டர். தெய்வசிகாமணிக்குக் கண் இல்லையா? அவன் மேஜைக்கு நேராகத்தான் தொங்குகிறது. யாராவது ஒருவன் தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் முடிந்தது. நானா? எனக்கு ராகுகாலம் காலண்டரைப் பார்த்தா தெரிய வேண்டும்?

உள்ளே போனேன். வடிவு என்னைப் பார்த்தாள். போனை அணைக்கவில்லை. நான் மணையில் உட்கார்ந்தேன். நான் அந்தப் பெண்ணோடு பேசுவதில்லை, அது அதுதான். ஆனால் விழாவுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

“வடிவு” என்றேன். “இதுக்கு என்ன வழின்னு கேளு.”

“அவ காதுல விழுது. நேரா கேட்டா வாய் வெந்திருமா?”

“நீ கேளு.”

கேட்கவில்லை. குரல் தானாகவே சொன்னது. ராகுகாலத்தில் மூடி வைப்பது தப்பில்லை அத்தை. ஆனால் முடிந்ததும் எல்லாரையும் ஒன்றாகக் கூப்பிடுகிறார்களே, அதுதான் கனம். கோயிலில் நடை திறந்ததும் மொத்தக் கூட்டத்தையும் கருவறைக்குள் விடுவார்களா? வரிசையில் நிறுத்தித்தானே விடுவார்கள்? அது போல வாசலில் ஒரு வரிசை போடுகிறேன். ஒரு தடவைக்கு இத்தனை பேர் என்று உள்ளே போகட்டும். செய்தியும் எல்லாருக்கும் ஒரே நொடியில் வேண்டாம், கொஞ்சம் கொஞ்சமாகப் போகட்டும். எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு பையன் ஒரு பையன்தான் என்று வைத்துவிடலாம்.

வேதக்கோயில் பெண். நடை திறப்பு, கருவறை என்று எனக்குச் சொல்கிறாள்.

ராகுகாலம் நடக்கும்போதே விவரத்தை எழுதி வைத்துக்கொள்ள விடலாமா, முடிந்த பிறகு அதை வாங்கிக்கொண்டால் போதாதா என்று அடுத்தது. அதெல்லாம் ஆகாது என்று வடிவிடம் சொன்னேன். வடிவு துருவலை வழித்துப் போட்டுக்கொண்டே, உங்க தங்கச்சி கல்யாணப் பத்திரிகை அச்சாபீஸ்ல எந்த நேரத்துல அச்சாச்சுன்னு போய்ப் பாத்தீங்களா, கொடுக்கும்போதுதானே நேரம் பாத்தீங்க என்றாள். இவள் யார் பக்கம் என்று அன்றைக்குத் தெரிந்தது.

பிறகு பொருத்தம். ஒவ்வொரு தேடலுக்கும் ஏன் எல்லாவற்றையும் புதிதாகக் கணிக்கிறது, அதற்குத்தான் மெஷின் மூச்சு முட்டுகிறது என்றாள். நான் சாம்பார் விஷயத்தை வடிவு மூலமாகச் சொன்னேன். அப்போதுதான் அந்தப் பெண் நேராக என்னிடம் பேசினாள்.

“மாமா, நட்சத்திரம் பிறந்த அன்னைக்கே முடிஞ்சு போச்சே. அது ஊசிப் போகாதுல்லா. கம்ப்யூட்டர் வாறதுக்கு முன்னாடி நீங்க எப்படிப் பொருத்தம் பாத்தீங்க?”

இது ஒரு கேள்வியா? பஞ்சாங்கம் கடைசிப் பக்கம். மேலே பெண் நட்சத்திரம், பக்கவாட்டில் ஆண் நட்சத்திரம். இரண்டு விரலை வைத்து இழுத்தால் சேருகிற கட்டத்தில் எத்தனை பொருத்தம் என்று இருக்கும். ஒரு பீடி பற்ற வைக்கிற நேரம். இருபத்தேழுக்கு இருபத்தேழு, அவ்வளவுதான் உலகமே. நான் சுவரைப் பார்த்துக்கொண்டு, “பஞ்சாங்கத்துல கட்டம் இருக்குன்னு சொல்லு” என்றேன்.

“அந்தக் கட்டத்தையே உள்ளே போட்டுருதேன் மாமா” என்றது குரல்.

நான் சாப்பிட்டேன். துவையல் நன்றாக இருந்தது.

அது நான் சொன்ன யோசனை அல்லவா? பஞ்சாங்கம் யாருடையது? கட்டம் இருக்கிறது என்று யார் சொன்னது? அதை டேட்டாபேஸில் தட்டிப் போடுவது எழுத்து வேலை. தெய்வசிகாமணி மட்டும் மேடம் மேடம் என்று தலைமேல் தூக்கிக்கொண்டான். பெரிய மெஷின் எல்லாம் வேண்டாம், முதலில் எடுத்த சின்ன மெஷினே போதும் என்று மேடம் சொல்லிவிட்டார்களாம். குல்கர்னிக்கு அதில் வருத்தமாம். இருக்காதா?

விழா அன்று அந்தப் பெண் வடிவுக்குச் சொல்லி அனுப்பியிருந்தாள், மணி மட்டும் அடிக்க வேண்டாம் என்று. அடித்தேன். என் விழா, என் மணி. நாலு ஊருக்குக் கேட்க அடித்தேன்.

தலை குனிந்தது. நான் கண்ணை மூடிச் சாமி கும்பிட்டேன். போனில் வட்டம் இல்லை. ‘வரிசையில் இருக்கிறீர்கள், உங்கள் முறை வருகிறது’ என்று இருந்தது. கூடவே சின்னதாக ஒரு குத்துவிளக்குப் படம், திரி ஒவ்வொன்றாக ஏற்றுகிறது. ஜனங்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு முன்வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். பிறகு அந்தப் பக்கம் இரண்டு பேர். பிறகு நாற்காலி இழுபடுகிற சத்தம்தான் மண்டபம் முழுக்க. இந்தப் பக்கத்து ஆட்கள் அந்தப் பக்கம், அந்தப் பக்கத்து ஆட்கள் இந்தப் பக்கம். திரௌபதி என்று கேட்டாரே சாத்தூர்க்காரர், அவர் அந்த ஐந்து தடவைப் பையன் வீட்டாரோடு ஓரமாக நின்று பேசிக்கொண்டிருந்தார். ஒன்பது பொருத்தம். தை மாதம் கல்யாணம்.

உச்சிமாகாளி வரவில்லை. ஆள் அனுப்பியிருந்தான். அந்த ஆள் தன் தங்கச்சி மகளுக்கு என்னிடமே பதிந்துவிட்டுப் போனான்.

யார் சரி செய்தது என்று எல்லாரும் கேட்டார்கள். கம்பெனியில் ஆள் வைத்துச் செய்தோம் என்றேன். வடிவு பக்கத்தில் நின்றாள். என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் ரசத்தில் உப்பு இல்லை.

மணி என்ன? ஒன்றரை ஆகப் போகிறது. வீட்டில் இருப்பவர்கள் ராகுகாலத்தில் எழுதி வைத்துக்கொள்ளட்டும், அது அவர்கள் பாடு. என் மேஜையில் முடிந்த பிறகுதான். இருங்கள். கடிகாரம் அரை நிமிடம் முந்தி ஓடும்.

சரி. ஆயிற்று. பாருங்கள், தொட்டதும் திறக்கிறது. இந்த நிமிடம் ஊரே உள்ளே வருகிறது, தெரிகிறதா ஏதாவது?

மகள் பேர் சொல்லுங்கள். மலர்க்கொடி. படிப்பு. நல்லது. பிறந்த தேதி? உத்தேசமாகவா? உத்தேசம் என்றால் என்ன அண்ணாச்சி? நட்சத்திரம்?

ஓ.

எத்தனை மாதப் பிள்ளையாக எடுத்து வந்தீர்கள்? சரி. குழந்தைகள் இல்லத்திலும் எழுதி வைக்கவில்லையா? இதற்கா இவ்வளவு நேரம் மோரையே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்? உச்சிமாகாளியிடம் போனீர்களா? என்ன சொன்னான்? ஏதாவது ஒரு நட்சத்திரத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்றானா? அவன் புத்தி அவ்வளவுதான்.

அழ வேண்டாம். எனக்கு அது பிடிக்காது.

இங்கே பாருங்கள். அசுவினியில் ஆரம்பித்து ரேவதி வரை இருபத்தேழு. கீழே இன்னும் ஒன்று இருக்கிறது, தெரிகிறதா? ‘நட்சத்திரம் தெரியாது.’ இருபத்தெட்டாவது. என்னைக் கேட்காமல் போட்டது. விழாவுக்கு மறுநாள்தான் பார்த்தேன். தெய்வசிகாமணியைக் கூப்பிட்டு யாரைக் கேட்டுப் போட்டாய் என்று கத்தினேன். எடுத்துவிடட்டுமா என்றான். இருக்கட்டும், இடத்தையா அடைக்கிறது என்றேன். இதைத் தொட்டால், எந்த மாப்பிள்ளையோடு சேர்த்தாலும் கட்டத்தில் நம்பர் வராது. ‘நேரில் பேசிப் பாருங்கள்’ என்று வரும். எனக்கு இஷ்டம் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் இதில் ஏற்கெனவே சிலர் பதிந்திருக்கிறார்கள். பையன் வீட்டிலும் உண்டு.

அழுத்திவிட்டேன். பதிந்துவிட்டது. ஒரே தடவைதான் பதியும், பயப்பட வேண்டாம். மலர்க்கொடியைக் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். காலையில்.

என்ன? இந்த இருபத்தெட்டாவதைப் போட்டது யாரா? கம்பெனிக்காரனா என்றா கேட்கிறீர்கள்? குல்கர்னிக்கு இதெல்லாம் தோன்றுமா?

வடிவு, நீ உள்ளே போ. கதவிடுக்கில் நின்று கேட்க வேண்டாம்.

என் மருமகள். ஹெப்சிபா.